கடல் காத்து வர்றதுக்குள்ள

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே கிடையாது."

என் முன்னால யாராவது இதைச் சொன்னா எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறும். எங்க கிளப்புல கமிட்டி கூடும்போதெல்லாம் ஏதாவது ஒரு சார் இதைச் சொல்லுவார். மத்த சார்கள் தலையாட்டிக்கிட்டே ஆளுக்கொரு வடை எடுத்துப்பாங்க. பேச வேண்டிய விஷயம் எப்பவும் ஒண்ணுதான்: கிளைடர் ஓட்ட இளைஞர்களை எப்படி வரவழைக்கறது? அந்த ரூம்ல டை அடிக்காமலே முடி கறுப்பா இருந்தது எனக்கு மட்டும்தான். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க. "அம்மா, அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை"ன்னுதான் சொல்லுவாங்க.

கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. மைதானத்தோட ஒரு முனையில அது நிக்கும். மறுமுனையில, ரொம்ப தூரம் தள்ளி, விஞ்ச்னு ஒரு மெஷின் இருக்கும். பழைய லாரி இன்ஜின், பெரிய உருளை, அதுல சுத்தின இரும்புக் கேபிள், அவ்வளவுதான். கேபிள் நுனியைக் கிளைடரோட அடியில மாட்டி, அந்த முனையில விஞ்சை முறுக்கினா, பட்டத்தை இழுத்துக்கிட்டு ஓடற மாதிரி, கிளைடர் ஜிவ்வுனு மேல ஏறும். உச்சிக்குப் போனதும் கேபிளைக் கழட்டி விட்டுட்டு மிதக்க வேண்டியதுதான். வெயில்ல சூடான தரையிலேர்ந்து மேல எழும்பற காத்து, லிஃப்ட்னு சொல்லுவாங்க, அது மாட்டிச்சுன்னா ஒரு மணி நேரம்கூட சுத்திக்கிட்டே இருக்கலாம். மாட்டலேன்னா டீ ஆறறதுக்குள்ள தரைக்கு வந்துடும்.

எங்க மைதானம் காட்டாங்குளத்தூர் தாண்டி உள்ள இருக்கு. அங்க அந்த நல்ல காத்து காலையில பத்தரை, பதினொண்ணுக்கு ஆரம்பிக்கும். மத்தியானம் சோத்து நேரத்துக்குக் கடல் காத்து வந்துடும். நமக்குத்தான் அது சுகம், வாசல்ல நாற்காலி போட்டு உட்காரலாம். கிளைடருக்கு அது எமன். மேல எழும்பற சூடெல்லாம் அடங்கிப் போயிடும். அதோட காத்து திசை மாறிடறதால, விஞ்சை மேற்கு முனையிலேர்ந்து கழட்டிக் கிழக்கு முனைக்கு இழுத்துக்கிட்டுப் போயி, கேபிளை மறுபடி நீட்டி விடணும். அதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். மூணு மணியோட பறக்கறதுக்கான அனுமதி முடிஞ்சுடும். ஆக, ஞாயித்துக்கிழமையில பறக்கற மாதிரி பறக்க இருக்கறது அந்த ரெண்டு, ரெண்டரை மணி நேரம்தான். அது யாருக்குன்னு கேளுங்க.

நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்திநாலு வயசு. மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில வேலை. வீடு சேலையூர்ல, கேம்ப் ரோட்டுலேர்ந்து உள்ள போற தெரு. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகாம ஒருத்தி கிளைடர் ஓட்டப் போறான்னா எங்க வீட்டுல என்ன நடந்திருக்கும்னு நினைக்கறீங்க? அம்மா மூணு வாரம் முகம் கொடுத்துப் பேசல. "கர்த்தருக்குன்னு வாரத்துல ஒரே ஒரு நாள். அதையும் உன் கிளப்புக்குக் கொடுத்துட்டியா?" அப்பாதான் சனிக்கிழமை சாயங்கால ஆராதனைக்கு நான் போறதா ஒரு ஒப்பந்தம் பேசி முடிச்சார். பாட்டுக் குழுவுலேர்ந்து நின்னேன். கிறிஸ்துமஸ் சமயத்துல எல்லாரும் பாடும்போது நான் பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். அதெல்லாம் எனக்கு லேசா இல்ல. ஆனா முதல் தடவை பயிற்சியாளர் சார்கூட மேல போனப்ப கீழ ஏரி, ரயில் பாதை, ஜிஎஸ்டி ரோட்டுல எறும்பு மாதிரி வண்டிங்க, சத்தமே இல்லாத காத்து. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். ஒரே ஒரு தடவையாவது தனியா, பக்கத்துல யாரும் இல்லாம, நானே ஓட்டிட்டு இறங்கணும். எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான்.

அதுக்காகக் காலையில ஆறு மணிக்கு மைதானத்துல இருப்பேன். ஷெட் கதவைத் தள்ளுவேன். கிளைடரைத் துடைப்பேன். ஓடற பாதையில நாய் படுத்திருந்தா விரட்டுவேன், கல்லு பொறுக்குவேன். றெக்கை நுனியைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே ஓடுவேன். இறங்கின கிளைடரைத் தள்ளிக்கிட்டு வருவேன். இதெல்லாம் எல்லாரும் செய்யவேண்டிய வேலை, உலகம் பூரா அப்படித்தான், நாள் முழுக்க உழைச்சாத்தான் அஞ்சு நிமிஷம் வானம். அதுல எனக்குக் கோபமே இல்ல. எல்லாரும் செய்யணும்னு இருக்கறதை நான் மட்டும் செஞ்சேன் பாருங்க, அதுலதான் கோபம்.

சார்கள் ஒம்பதரைக்கு வருவாங்க. ஃபிளாஸ்க்கு, தொப்பி, மடக்கு நாற்காலி சகிதமா. ஆலமரத்தடியில உட்கார்ந்து அந்தக் காலத்துல தாங்க எவ்வளவு உசரம் போனோம்னு பேசுவாங்க. காத்து எழும்ப ஆரம்பிச்சதும் ஒவ்வொருத்தரா எழுந்து வந்து உட்காருவாங்க. சீனியாரிட்டியாம். ஒருத்தர் மேல போனா முக்கால் மணி நேரம் வரமாட்டார். "இன்னிக்கு என்ன லிஃப்ட் தெரியுமா!"ன்னு இறங்கி வந்து என்கிட்டயே சொல்லுவார். அப்புறம் கடல் காத்து வரும். "அடடா, காத்து திரும்பிடுச்சே. ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் விஞ்சை மாத்துங்கப்பா." ஸ்டூடண்ட்ஸ்னா நான்தான். அவங்க பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிப்பாங்க.

ஸ்டூடண்ட்ஸ் வராம இல்ல. எனக்கு முன்னாடியும் வந்தாங்க, பின்னாடியும் வந்தாங்க. மாடம்பாக்கத்துலேர்ந்து ஒரு பையன் நாலு மாசம் வந்தான், மொத்தம் ரெண்டே தடவைதான் மேல போனான். கடைசியில ஒருநாள், "அக்கா, இன்னா அக்கா இது, தள்ளுறதுக்கா வந்தேன்? செம பேஜாரா கீது"ன்னு சொல்லிட்டுப் போனவன்தான். அடுத்த கமிட்டியில அவனைப் பத்திப் பேசினாங்க. பொறுமை இல்லாத பையனாம்.

நான் பொறுமையா இருந்தேன். அதுக்குப் பரிசா எனக்கு விஞ்சைக் கொடுத்தாங்க.

விஞ்சுல உட்கார சார்கள் யாருக்கும் பிடிக்காது. தகரக் கூண்டு, இன்ஜின் சூடு, ஆலமரமும் டீயும் ரொம்ப தூரம். ஆனா அது சாதாரண வேலை இல்ல. கேபிள் விறைச்சு நிக்கறதைப் பார்த்து, கிளைடர் எழும்பற கோணத்தைப் பார்த்து, காலால அளந்து அளந்து மிதிக்கணும். கூடினா கேபிள் அறுந்துடும். குறைஞ்சா மேல இருக்கறவன் உயிர் போயிடும். நான் நல்லாக் கத்துக்கிட்டேன். அதுதான் நான் செஞ்ச மடத்தனம். நல்லா இழுக்கறான்னு தெரிஞ்சதும் என்னை அந்தக் கூண்டை விட்டே எறங்க விடல. "உன் கை பட்டாத்தாம்மா பூ மாதிரி மேல போகுது." ஐஸ் வெச்சே ரெண்டு வருஷம் ஓட்டிட்டாங்க.

தனியா பறக்கணும்னா கிளப்புல ஒரு விதி உண்டு. பயிற்சியாளரோட மூணு சோதனைப் பறப்பு, ஒரே மாசத்துக்குள்ள. மூணும் சரியா இருந்தா அன்னிக்கே தனியா அனுப்புவாங்க. மாசம் முடிஞ்சா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். விதியைக் குறை சொல்லல, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனா எனக்கு ஒவ்வொரு மாசமும் ரெண்டு முடியும், மூணாவது முடியாது. ஒரு தடவை ஒரு சாரோட அமெரிக்கா மருமகனுக்கு வானத்தைக் காட்டணும்னாங்க. இன்னொரு தடவை கிளப் தலைவரோட பேரனுக்குப் பிறந்தநாள். எங்களுக்கு இருந்தது ரெண்டு பேர் உட்கார்ற கிளைடர் ஒண்ணே ஒண்ணு. அது விருந்தாளிங்களுக்குப் போச்சுன்னா என் மூணாவது பறப்பும் போச்சு. மாசம் முடிஞ்சதும் பயிற்சியாளர் சார் என் முகத்தைப் பார்க்காம, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா"ன்னு சொல்லுவார். நல்ல மனுஷன்தான். ஆனா தலைவர் முன்னாடி வாயே திறக்க மாட்டார். நல்ல மனுஷனா இருந்து என்ன பிரயோஜனம்?

போன வருஷம் கமிட்டி ஒரு பெரிய திட்டம் போட்டது. இளைஞர் முகாம். காலேஜ் பசங்களைக் கூப்பிட்டு ஒரு நாள் பறக்க வைக்கறது. போஸ்டர் அடிச்சாங்க. அதுல யார் படம்? என் படம். ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக் கிளைடருக்குள்ள உட்கார வெச்சு எடுத்தாங்க. "வானம் உங்களை அழைக்கிறது"ன்னு கீழ எழுதியிருந்தது. என்னை அந்த வானம் எத்தனை தடவை திருப்பி அனுப்பிச்சுன்னு எனக்குத்தானே தெரியும். படம் எடுத்து முடிஞ்சதும், "சரிம்மா, எறங்கிக்கோ, வெயில் வீணாகுது"ன்னு தலைவர் சொன்னார்.

அதைவிடக் கொடுமை, முகாமுக்கு அவங்க வெச்ச நேரம். மத்தியானம் பன்னெண்டு மணி! நான் கையைத் தூக்கினேன். "சார், பன்னெண்டுக்கு வந்து, சாப்பிட்டு, வரவேற்புரை கேட்டு முடிக்கறதுக்குள்ள கடல் காத்து வந்துடுமே. ஒருத்தர்கூட மேல போக முடியாது." தலைவர் சிரிச்சார். "காலேஜ் பசங்கம்மா. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு முன்னாடி எவன் எழுந்திருப்பான்?" எல்லாரும் சிரிச்சாங்க. காலையும் முன்மத்தியானமும் அவங்களுக்கு வேணும், அதை இப்படி அழகா சொல்றாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

வர்ற பசங்களோட வாட்ஸ்ஆப் குரூப்பைப் பார்த்துக்கற வேலையும் என் தலையிலதான் கட்டியிருந்தாங்க. வீட்டுக்கு வந்து அதுல ஒரே வரி போட்டேன்: "எட்டு மணிக்கு வாங்க."

வந்தாங்க. எட்டு மணிக்கு முன்னாடியே கேட்டுல நின்னாங்க. பன்னெண்டு பேர். முடிச்சூர்லேர்ந்து ஒரு பையன் வாப்பாவோட பைக்கை வாங்கிக்கிட்டு வந்திருந்தான். காட்டாங்குளத்தூர் ஹாஸ்டல்லேர்ந்து ரெண்டாவது வருஷம் படிக்கற ஒரு பொண்ணு, ஷேர் ஆட்டோ கிடைக்காம பாதி தூரம் நடந்தே வந்திருந்தா. ஷூ பூரா செம்மண். எழுந்திருக்க மாட்டாங்களாம்!

அது அந்த மாசத்தோட கடைசி ஞாயிறு. என் சோதனைப் பறப்பு ரெண்டு முடிஞ்சிருந்தது. மூணாவது அன்னிக்குன்னு பயிற்சியாளர் சார் முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லியிருந்தார். "முகாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, பதினொண்ணரைக்கு உன்னை முடிச்சுடறேன். நல்லபடியா போனா தனியாவும் போயிட்டு வந்துடு. நான் தலைவர்கிட்ட சொல்லிட்டேன்." ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல.

சார்கள் ஒம்பதரைக்கு வந்தாங்க. பசங்களைப் பார்த்து முகம் சுளிச்சாங்க. "புரோகிராம் பன்னெண்டு மணிக்குத்தானே? சரி, வந்தது வந்துட்டாங்க, தள்ளட்டும்." பசங்க தள்ளினாங்க, சிரிச்சுக்கிட்டே தள்ளினாங்க. ஒரு சார் மேல போனார், இறங்கினார். இன்னொருத்தர் போனார், இறங்கினார். நான் தகரக் கூண்டுல உட்கார்ந்து இழுத்துக்கிட்டு இருந்தேன். இறங்கின கேபிளைப் பார்க்க வந்த சாக்குல அந்த ஹாஸ்டல் பொண்ணு, கேபிள் நுனியை இழுத்துக்கிட்டுப் போக வர்ற ஜீப்புல என் பக்கம் வந்தா. போஸ்டர்ல இருக்கறது நான்தான்னு கண்டுபிடிச்சுட்டா. கண்ணெல்லாம் மின்னுது அவளுக்கு.

"அக்கா, நீங்க தனியா எவ்வளவு நேரம் பறந்திருக்கீங்க?"

"நான் தனியா பறந்ததில்ல."

விளையாடறேன்னு நினைச்சு சிரிச்சா. அப்புறம் சிரிப்பு நின்னுது. "எத்தனை வருஷமா வர்றீங்க?"

"ரெண்டு."

அவ விஞ்சைப் பார்த்தா, தூரத்துல ஆலமரத்தடியைப் பார்த்தா. "அப்போ நாங்க இன்னிக்குப் பறக்க மாட்டோம்ல?"ன்னு கேட்டா. கோபமா கேட்டிருந்தாகூட எனக்குத் தாங்கியிருக்கும். ரொம்பச் சாதாரணமா, பஸ் வராதுல்லன்னு கேட்கற மாதிரி கேட்டா. ஜீப்புல திரும்பிப் போயிட்டா.

பதினொரு மணிக்கு வாக்கி டாக்கியில தலைவர் குரல். ரெண்டு பேர் கிளைடர்ல அவரே உட்கார்ந்திருந்தார், பின்னாடி அவரோட சம்பந்தி. "ஒரு சின்ன ரவுண்டும்மா. லிஃப்ட் நல்லா இருக்கு, கொஞ்சம் சுத்திட்டு வந்துடறோம். அப்புறம் உன்னோடதைப் பாத்துக்கலாம். கேபிளை விறைப்பா எடு."

என் கால் பெடல்மேல இருந்தது. எடுத்துட்டேன். இன்ஜினை அணைச்சேன்.

"இழுக்க மாட்டேன் சார்."

"என்னம்மா, இன்ஜின்ல ஏதாவது கோளாறா?"

"இன்ஜின்ல ஒண்ணும் இல்ல. நான்தான் இழுக்க மாட்டேன். பசங்க காலையிலேர்ந்து தள்ளறாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல கடல் காத்து வந்துடும். உங்க சம்பந்தி அடுத்த வாரம்கூட வரலாம், இவங்க வரமாட்டாங்க. பசங்களை உட்கார வைங்க, இழுக்கறேன்."

அந்த வாக்கி டாக்கி கிளைடர் பக்கத்துல ஸ்பீக்கர் மாதிரி அலறும். பசங்க எல்லாருக்கும் கேட்டுச்சு, சார்களுக்கும் கேட்டுச்சு, சம்பந்திக்கும் கேட்டுச்சு. கேட்கட்டுமே! தலைவர் குரல் மாறிடுச்சு. "யார்கிட்ட பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?" தெரிஞ்சுதான் பேசறேன்னு சொன்னேன்.

பயிற்சியாளர் சார் ஜீப்பை எடுத்துக்கிட்டு விஞ்சுக்கு வந்தார். என் சோதனைப் பறப்புக்கு இழுக்க வர்ற சார் இன்னும் வந்து சேரல, அதனால என்னைத் தவிர அப்போ அங்க விஞ்ச் ஓட்டத் தெரிஞ்சது அவர் ஒருத்தருக்குத்தான். கூண்டுக்குப் பக்கத்துல நின்னு, முதல் தடவையா என் முகத்தை நேராப் பார்த்தார்.

"உன்னை எறக்கிட்டு என்னை இழுக்கச் சொன்னார்."

"எறங்கறேன் சார். நீங்களே இழுங்க. ஆனா அந்தப் பசங்க முகத்தைப் பார்த்துட்டு இழுங்க."

ஆலமரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பசங்களை ஒவ்வொருத்தரா நான் மேல கூட்டிக்கிட்டுப் போனா, உனக்கு நேரம் இருக்காது. மாசம் முடியுது. மறுபடி முதல்லேர்ந்து. தெரியும்ல?"

தெரியாமலா? "வேண்டாம் சார், முதல்ல நான் போறேன், அப்புறம் அவங்க"ன்னு சொல்ல வாய் வந்துச்சு. நிஜமாவே வந்துச்சு. அப்படிச் சொன்னா ஆலமரத்தடியில எனக்கும் ஒரு மடக்கு நாற்காலி போட்டுட வேண்டியதுதான்னு தோணுச்சு.

"தெரியும் சார்"னு சொன்னேன்.

அவர் வாக்கி டாக்கியை வாங்கி, தொண்டையைச் செருமிக்கிட்டு, "தலைவரே, எறங்கிடுங்க. பசங்களைக் கூட்டிக்கிட்டுப் போறேன்"னார். இந்த ரெண்டு வருஷத்துல அவர் அந்தக் குரல்ல பேசி நான் கேட்டதே இல்ல.

நான் இன்ஜினைப் போட்டேன். முடிச்சூர் பையனை இழுத்தேன். அப்புறம் இன்னொருத்தன், இன்னொருத்தி. நாலாவதா அந்த ஹாஸ்டல் பொண்ணு. அன்னிக்கு நான் இழுத்த மாதிரி அதுக்கு முன்னாடி இழுத்ததில்ல. அவங்களுக்கு நல்ல காத்து மாட்டுச்சு. ஏரிக்கு மேல வட்டம் போட்டுப் போட்டு ஏறினாங்க. கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்த்தேன். சந்தோஷமா இருந்துச்சான்னு கேட்டா, இருந்துச்சு. பொறாமையாவும் இருந்துச்சு, அதையும் ஏன் மறைக்கணும்?

அஞ்சாவது பையன் பெல்ட்டு போட்டுக்கிட்டு இருக்கும்போது, காத்தோட திசை காட்டற துணிப்பை தொங்கிப் போயி, சோம்பல் முறிக்கற மாதிரி அசைஞ்சு, மேற்கப் பார்த்து நீண்டுச்சு. முகத்துல ஜில்லுனு பட்டுச்சு. அவ்வளவுதான். பன்னெண்டு பேர்ல நாலு பேர். மிச்சப் பேரும் சேர்ந்து விஞ்சை மாத்த ஓடி வந்தாங்க, ஆனா கேபிள் நீட்டி முடிக்கறதுக்குள்ள மூணு மணி ஆயிடுச்சு. பறந்த நாலு பேரும் வரிசையா வந்து எனக்குத் தேங்க்ஸ் சொன்னாங்க. பறக்காத எட்டுப் பேரும் சொன்னாங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல. ஷெட்டுக்குப் பின்னாடி போயி அழுதேன். அழும்போதும் ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு.

புதன்கிழமை கிளப் குரூப்புல ரெண்டு மெசேஜ். முதலாவது: இளைஞர் முகாம் மாபெரும் வெற்றி, கமிட்டிக்கு வாழ்த்துகள். பசங்க சிரிக்கற படமெல்லாம் போட்டிருந்தாங்க. அதுக்குக் கீழேயே ரெண்டாவது: பாதுகாப்பு ஒழுங்கை மீறினதுக்காக என்னை ஆறு மாசம் நிறுத்தி வெச்சிருக்காங்க. பாதுகாப்பாம்! இழுக்காத கிளைடர் எங்கய்யா போயி விழும்? அந்த மெசேஜுக்குக் கீழ ஒம்பது கட்டைவிரல். பயிற்சியாளர் சாரோடது அதுல இல்ல. அவர் ஒரு பதிலும் போடல.

அன்னிக்குச் சாயங்காலம் அந்த ஹாஸ்டல் பொண்ணு போன் பண்ணினா. நிறுத்தி வெச்ச விஷயம் அவளுக்குத் தெரியாது. மூச்சு விடாம பேசினா. கிளப்புல சேர வீட்டுல சம்மதம் வாங்கிட்டாளாம். ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வரணும், என்ன ஷூ போடணும், எல்லாம் கேட்டா. "நீங்க இருப்பீங்கல்ல அக்கா?"ன்னு கேட்டா.

போகாதேன்னு சொல்லிடலாமான்னு இருந்துச்சு. அவளும் ரெண்டு வருஷம் தள்ளிக்கிட்டே கிடக்கணுமா? ஆனா அவ குரல்ல இருந்தது என்னன்னு எனக்குத் தெரியும். நான் வேண்டாம்னு சொன்னாலும் போவா.

"நான் கொஞ்ச நாள் வர முடியாது"ன்னு சொன்னேன். "நீ போ. ஆறு மணிக்கே போயிடு. தள்ளச் சொன்னா தள்ளு. றெக்கையைப் பிடிக்கச் சொன்னா பிடி. எல்லாத்தையும் நல்லாக் கத்துக்கோ. ஆனா ஒண்ணு."

"சொல்லுங்கக்கா."

"விஞ்ச் கத்துக்கறியான்னு கேட்பாங்க. தனியா பறந்து இறங்கினதுக்கு அப்புறம்தான் கத்துக்குவேன்னு சொல்லிடு."